கிளை செடியாகும் விதம்

பல்லியின் வால் அறுந்தால் பல்லிக்கு மீண்டும் வால் வளர்கிறது. ஆனால் அறுந்து விழுந்து துடிக்கும் அந்த வாலிலிருந்து ஒரு பல்லி வளர்வதில்லை. நாம் அன்றாடம் காணும் விலங்குகளில் உறுப்பை இழந்த உடல் பிழைக்கலாம். உடலை இழந்த உறுப்புப் பிழைப்பதில்லை. செடிகொடிகளின் உலகத்திலோ நிலைமை வேறு. செம்பருத்தியில் ஒரு சாண் நீளக் கிளையை நறுக்கி ஈர மணலில் ஊன்றினால், தாய்ச்செடியும் பிழைக்கிறது. நறுக்கப்பட்ட கிளையும் வேர்விட்டு, தளிர்த்து, தாயைப் போலவே பூக்கிறது. அடிக்கடி காண்பதனால் நாம் இதனை வியப்பதில்லை. சற்று நின்று எண்ணிப் பார்த்தால் இது பெரிதும் வியக்கத்தக்க செய்தியே ஆகும்.

இவ்வாறு நடுவதற்கென நறுக்கிய கிளைத் துண்டை நம் நாட்டுப்புறத்தார் போத்து என்று கூறுவர். முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து என்னும் சொற்களை நீங்கள் கேட்டிருக்கலாம். கரும்பிலும் மரவள்ளியிலும் இதற்குக் கரணை என்று பெயர். நம் வீட்டுத் தோட்டங்களில் உள்ள செம்பருத்தி, மல்லிகை, நந்தியாவட்டை, அரளி, காகிதப்பூ, குரோட்டன்ஸ், மருதாணி, நொச்சி, ஆடாதொடை முதலிய செடிகளைப் போத்திலிருந்தே எளிதாகப் பெருக்கலாம். அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். எப்படி நடவேண்டும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாளைக்கே அது மறந்துவிடும். ஏன் அப்படி நடவேண்டும் என்பது விளங்கிவிட்டால் பிறகு மறக்க முடியாது. ஆதலின், ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

இக்கலை மிகப் பழமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அரிஸ்டாட்டிலின் மாணவராகிய தியோபிராஸ்டஸ் என்னும் கிரேக்கப் பேரறிஞர், விதையிலிருந்தும் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் செடிகள் தோன்றுவதை வகைப்படுத்தி எழுதினார். நம் நாட்டில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், தம்முடைய பிருகத் சம்கிதையில் மரங்களைப் பேணும் முறைக்கென்றே ஓர் இயல் வகுத்தார். மாதுளை, திராட்சை போன்றவற்றைக் கிளை நட்டு வளர்க்கலாம் என்றும், நடும் கிளையில் சாணம் பூசவேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். இன்றும் முருங்கைப் போத்து நடும் உழவர், அதன் மேல்நுனியில் சாணத்தை அப்பி வைப்பதைக் காணலாம். அச்சாணம் வெட்டுவாயை மூடி, ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. இந்தச் சிறு செயலில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

விதை என்று ஒன்று இருக்கும்போது போத்து எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விதை என்பது மகரந்தமும் சூலும் கூடிப் பிறந்தது. தாயின் இயல்பும் தந்தையின் இயல்பும் அதில் கலந்திருக்கும். போத்திலோ கலப்பு இல்லை. தாய்ச்செடியே இன்னோர் இடத்தில் வாழத் தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. சில செடிகளுக்கு விதையே கிடையாது; அல்லது மிக அரிதாகவே உண்டாகும். அடுக்குச் செம்பருத்தியைப் பாருங்கள். மகரந்தத்தைத் தாங்கவேண்டிய கேசரங்கள் பலவும் அதில் இதழ்களாக மாறிவிட்டன. கண்ணுக்கு அழகு கூடிற்று. விதைக்கு வழி குறைந்தது. நம் பெண்கள் தலையில் சூடும் குண்டுமல்லியும் இப்படிப்பட்டதே. கூடை கூடையாகப் பூக்கிறது. விதை வைப்பதோ மிக அரிது. இத்தகைய செடி தலைமுறை தலைமுறையாகத் தொடர வேண்டுமானால், யாராவது ஒருவர் கிளையை நறுக்கி நட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

இனி, நறுக்கிய கிளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். மரத்தில் இருந்தவரை வேர் நீரை அனுப்பிற்று; இலை அதனை ஆவியாக வெளியிட்டது. வரவும் செலவும் ஒத்திருந்தன. கத்தி பட்ட கணத்தில் வரவு நின்றுவிட்டது. செலவு நிற்கவில்லை. இலைகளின் அடிப்புறத்தில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. புது வேர் தோன்றி, வரவு மீண்டும் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரையில் கையிருப்பைக் கொண்டே அது காலம் தள்ளவேண்டும். ஆகவே போத்து நடுதல் என்பது ஈரம் வற்றுவதற்கும் வேர் பிறப்பதற்கும் இடையே நடக்கும் ஓட்டப்பந்தயம். வேர் முந்தினால் செடி. வறட்சி முந்தினால் சுள்ளி. இந்தக் கலையின் விதிகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு பந்தயத்திலிருந்தே பிறக்கின்றன. வராகமிகிரர் பூசச் சொன்ன சாணத்தில் அடங்கிய உண்மையும் இதுதான்.

அப்படியானால் இலைகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இயற்கை ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. ஈரத்தைச் செலவழிக்கும் அதே இலைதான் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. மேலும், வேர் தோன்றத் தூண்டும் பொருளும் இளந்தளிரிலும் மொட்டிலும் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. இப்பொருள் அறியப்பட்ட கதை சுவையானது. 1880ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின், தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து, புல் முளைகள் ஒளியை நோக்கி வளைவதை ஆராய்ந்தார். முளையின் நுனியில் உணரப்பட்டது எதுவோ ஒன்று, கீழே இறங்கி வந்து வளைவை உண்டாக்குகிறது என்று கண்டார். பிற்பாடு ஹாலந்து நாட்டு அறிஞர் பிரிட்ஸ் வெண்ட், ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து அப்பொருளைக் கடற்பாசிக் கூழில் வடித்தெடுத்து, 1928ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இவ்வகைப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர். 1934ஆம் ஆண்டையொட்டி இண்டோல் அசெட்டிக் அமிலம் என்னும் ஆக்சின் பிரித்தறியப்பட்டது. 1935ஆம் ஆண்டிலேயே இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேர் பிறப்பிக்க வல்லது என்று அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். இன்று நாற்றுப் பண்ணைகளில் பயன்படும் வேரூக்கித் தூள்கள் பலவற்றில் இருப்பது அதுவே.

நறுக்கிய கிளையில் மேலிருந்து இறங்கும் ஆக்சின், வெட்டுவாயைக் கடந்து போக வழியில்லாமல் அடிப்பகுதியில் தேங்குகிறது. அங்கே நீர்க்குழாய்களுக்கு அருகில் அமைதியாக இருந்த உயிரணுக்கள் விழித்தெழுந்து பிளவுபடத் தொடங்குகின்றன. தண்டாக இருந்த உயிரணு, தன் பழைய தொழிலை மறந்து, வேராக மாறும் தொழிலை மேற்கொள்கிறது. விலங்குகளின் உடலில் எளிதிற் காணமுடியாத இந்த நெகிழ்ச்சியே செடிகளின் தனிச்செல்வம். ஆகையால் இலை நமக்குப் பகையும் உறவும் ஆகின்றது. அதனை முற்றும் நீக்குவதும் தவறு. முற்றும் விட்டுவைப்பதும் தவறு. கீழ் இலைகளைக் களைந்து, மேலே இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டு, அவையும் பெரியனவாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடுவது தோட்டக்காரர் கண்ட நடுவழி. மொட்டோ பூவோ இருந்தால் தயங்காமல் கிள்ளிவிடுக. வேரில்லாத கிளை பூவுக்கும் உணவு அளித்துக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு வியப்பு இருக்கிறது. கிளைக்குத் தலை எது, கால் எது என்று தெரியும். 1878ஆம் ஆண்டில் ஹெர்மன் பெக்டிங் என்னும் ஜெர்மானிய அறிஞர், வில்லோ மரக் கிளைகளை ஈரமான அறையில் தொங்கவிட்டு ஆராய்ந்தார். கிரிக்கெட் மட்டை செய்யப் பயன்படும் மர இனம் அது. சில கிளைகளை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டார். எப்படித் தொங்கவிட்டாலும், முன்பு மரத்தில் கீழ்ப்புறமாக இருந்த முனையிலே வேரும், மேற்புறமாக இருந்த முனையிலே தளிரும் தோன்றின. ஆக்சின் ஒரே திசையில் ஓடுவதே இதற்குரிய காரணம் என்பது பின்னாளில் விளங்கிற்று. ஆகவே போத்தைத் தலைகீழாக நட்டுவிடக் கூடாது. இலை களைந்த முற்றிய தண்டில் மேல் எது, கீழ் எது என்பது எளிதில் தெரியாது. அதனால்தான் நறுக்கும்போதே கீழ்வெட்டைச் சாய்வாகவும் மேல்வெட்டை நேராகவும் வெட்டுவது வழக்கம். சாய்வு வெட்டு மண்ணுக்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மிக இளந்தண்டு விரைவில் வாடும். மிக முற்றிய தண்டு பல செடிகளில் வேர்விடச் சோம்பும். ஆதலின், பென்சில் பருமனில், பசுமை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய தண்டு செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் ஏற்றது. காகிதப்பூவுக்குச் சற்று முற்றிய தண்டே நல்லது. காலை நேரத்தில், தண்டில் ஈரம் நிறைந்திருக்கும்போது நறுக்குக. நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். அதில் மூன்று நான்கு கணுக்களாவது இருக்கவேண்டும். பல செடிகளில் வேர் கணுவை ஒட்டியே எளிதாகத் தோன்றுவதால், கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமையவேண்டும். கத்தி கூர்மையாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும். மொட்டைக் கத்தி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில் அழுகல் புகும். அரளியை நறுக்குபவர் மட்டும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அதன் பால், இலை, தண்டு எல்லாம் நஞ்சு. வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

போத்து நட வளமான மண் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. வேரே இல்லாத தண்டுக்கு எரு எதற்கு? புதுச்சாணமும் மட்காத எருவும் வெட்டுவாயில் அழுகலைத்தான் வளர்க்கும். வேர் பிறக்க வேண்டுவன ஈரமும் காற்றும். இரண்டையும் ஒருங்கே தருவது பருமணல். கழுவிய ஆற்றுமணலோடு மட்கிய தென்னைநார்க் கழிவைச் சரிபாதி கலந்தால் ஈரமும் நிற்கும். மிகுதி நீரும் வடிந்துவிடும். அடியில் துளையிட்ட மண்சட்டியோ பழைய வாளியோ போதும். ஒரு குச்சியால் குழி செய்து, இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்குமாறு போத்தை வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்துக. நீர் தெளித்து, ஒளி படரும் நிழலில் வைக்க வேண்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கூடாரம்போல் கவிழ்த்தால் உள்ளே காற்று ஈரமாக இருக்கும். இலையிலிருந்து நீர் வெளியேறுவது குறையும். ஆனால் கூடாரத்தை வெயிலில் வைத்தால் போத்து வெந்துவிடும். கத்திரி வெயிற்காலம் இதற்கு ஏற்றதன்று. வெப்பம் தணிந்து காற்றில் ஈரம் கூடும் மழைக்காலம் நல்லது. அப்பொழுதும் சட்டியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நட்ட பிறகு பொறுமை வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் மேற்கணுவில் தளிர் ஒன்று எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தண்டில் சேமித்திருந்த உணவைக் கொண்டே அத்தளிர் வந்திருக்கலாம். கையிருப்பைக் கொண்டு நடத்தும் விருந்து அது. வருவாய் வந்துவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. அந்நேரத்தில் நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றினால் இரண்டே நாளில் தளிர் தொங்கிவிடும். வேர் வந்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பதும் ஆகாது; நூல்போன்ற இளவேர் அதில் அறுந்துபோகும். ஐந்தாறு வாரங்களுக்குப் பிறகு தண்டை மெல்ல இழுத்துப் பார்த்தால் மண் அதனை விடாமல் பற்றும். அதுவே வேர் தரும் விடை. அதன் பின்னரே வளமான மண்ணுக்கும் சிறிது சிறிதாக வெயிலுக்கும் மாற்றுக.

மாணவர்களாகிய நீங்கள் இதனை ஓர் ஆராய்ச்சியாகவே செய்து பார்க்கலாம். ஒரே செம்பருத்தியிலிருந்து ஒரே பருமனில் பன்னிரண்டு போத்துகள் எடுங்கள். நான்கில் எல்லா இலைகளையும் விட்டுவையுங்கள். நான்கில் எல்லாவற்றையும் நீக்குங்கள். நான்கில் இரண்டு அரை இலைகளை மட்டும் விடுங்கள். ஒரே மணல், ஒரே நிழல், ஒரே அளவு நீர். வாரந்தோறும் கண்டதைக் குறித்து வைத்து, ஆறாவது வாரத்தில் மெல்லத் தோண்டி வேர்களை எண்ணுங்கள். நான் சொன்னது சரியா என்பதை உங்கள் குறிப்பேடு உங்களுக்குச் சொல்லும். எண்ணி அறிந்ததே அறிவியல். கேட்டு நம்பியது அன்று. எல்லாச் செடியும் போத்துக்கு இணங்குவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். தென்னையின் துண்டு முளைக்காது. மாங்கிளையை நட்டு வேர் பெறுவது கடினம். அதனால்தான் மாவுக்கு ஒட்டுக் கட்டுகிறார்கள்.

போத்தின் சிறப்பே அதன் குறையுமாகும். தாயின் நலம் முழுவதும் சேய்க்கு வருவதுபோல, தாயின் நோயும் முழுவதும் வந்துவிடுகிறது. மரவள்ளியின் இலையை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக்கிச் சுருக்கும் தேமல் நோய், வெள்ளை ஈயினால் பரவுவதோடு, நோயுற்ற செடியில் வெட்டிய கரணை வழியாகவும் அடுத்த தோட்டத்துக்குச் செல்கிறது. பூச்சிகளும் இப்படியே பயணம் செய்யக்கூடும். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் வீட்டுச் செம்பருத்தியையும் தாக்கிற்று. 2010ஆம் ஆண்டில் அதனை அழிக்கவல்ல சிறு குளவிகளை வெளிநாட்டிலிருந்து வருவித்துப் பரப்பிய பின்னரே அது கட்டுக்குள் வந்தது. ஆகவே ஒரு செடியின் அழகான பூவை மட்டும் பார்த்துக் கிளை கேட்காதீர்கள். இலையின் அடிப்புறத்தையும் தண்டின் கணுவையும் பாருங்கள். நலமுள்ள தாயைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலையை முடித்ததற்குச் சமம்.

தாயும் சேயும் ஒன்றே என்றால் புதுமைக்கு இடமே இல்லையோ என்று ஐயுற வேண்டா. 1767ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் பிரெஞ்சுக் கடற்பயணக் குழுவைச் சேர்ந்த கொமர்சன் என்னும் தாவர அறிஞர் சேகரித்த காகிதப்பூ, இன்று பல நிறங்களில் நம் தெருக்களில் தொங்குகிறது. அந்நிறங்களுள் சில, ஒரு செடியின் ஒரே ஒரு மொட்டில் தற்செயலாக நேர்ந்த மாறுதலால் தோன்றியவை. ஒரு செடியில் எல்லாக் கிளையும் சிவந்திருக்க, ஒரு கிளை மட்டும் வெளுத்திருக்கும். கூர்ந்து பார்க்கும் கண்ணுடைய ஒருவர் அக்கிளையை நறுக்கி நட்டால் அந்த நிறம் நிலைபெறும். காணாமல் விட்டால் அந்தக் கிளையோடு அது போய்விடும்.

இதனையே நான் உங்கள் மனத்தில் பதிய வைக்க விரும்புகிறேன். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரின் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைப் போத்துகளை நட்டு, வேர் பிடித்த நாற்றுகளை மற்ற மாவட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் மணத்துக்குப் பின்னே இத்தகைய நாற்றங்கால்களில் குனிந்து நிற்கும் கைகள் உள்ளன. இன்று நாம் சூடும் மல்லிகை, பெயர் தெரியாத யாரோ ஒருவர் முன்னொரு காலத்தில் நட்ட கிளையின் தொடர்ச்சி. அவருக்கு முன் இன்னொருவர். அவருக்கும் முன் வேறொருவர். இந்தச் சங்கிலியில் ஒரு கை ஓய்ந்திருந்தாலும் அந்த வழி அற்றுப்போயிருக்கும்.

ஊர்களில் பழைய வீடுகளை இடித்துப் புதிய வீடு எழுப்பும்போது, புறக்கடையில் பல காலமாகப் பூத்து நின்ற அடுக்கு நந்தியாவட்டையும் பன்னீர் ரோஜாவும் வேரோடு அகற்றப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டுக்காரரைக் குறை சொல்லுவதற்கில்லை, இடம் வேண்டும். ஆனால் அகற்றுவதற்கு முதல் நாள் ஒரு சிறுவனோ சிறுமியோ சென்று, “ஒரு கிளை தருவீர்களா?” என்று கேட்டால் யார்தாம் மறுப்பார்? விதையில்லாச் செடிக்கு அந்தக் கேள்வியே விதை. அடுத்த மழைக்காலம் வரும்போது உங்கள் தெருவில் அப்படி நிற்கும் செடி எது என்று பார்த்து வையுங்கள். ஒரு கூரிய கத்தி, ஒரு சட்டி மணல், சிறிது நிழல், ஆறு வாரப் பொறுமை. இவ்வளவே வேண்டும்.